மேசைக்கு ஒரு நாடு: திருகோணமலை மத்திய வீதிப் பக்கத்து உடுப்புக் கடை

மத்திய வீதியில் நகைக்கடைகளைத் தாண்டிக் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைக்குள் திரும்பினால், இடது கைப்பக்கம் மூன்றாவது கதவு. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் ஒரு இரும்புக் கம்பியில் சின்னப் பிள்ளைகளின் ஜக்கெட்டுகள் நாலைந்து தொங்கும், அதுதான் அடையாளம். இந்த வெயிலில் யார் ஜக்கெட் வாங்கப்போகிறார்கள் என்று நினைத்துக் கடந்துபோய்விடாதீர்கள். நுவரெலியாவுக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலா போகும் பிள்ளைகளின் தாய்மார் தேடி வந்து வாங்குகிறார்கள். வெளியே நின்று பார்த்தால் ஒரே அறை மாதிரித் தெரியும். உள்ளே போனால் மூன்று அறை, ஒன்றுக்குப் பின் ஒன்றாக.

ஊரில் எல்லோரும் நானா கடை என்றுதான் சொல்வோம். அவர் கிண்ணியாக்காரர். 2009ல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முன், உடுப்புப் பொதியைத் தோளில் போட்டுக்கொண்டு ஃபெரியில் வந்து, பஸ் நிலையத்தடியில் சாக்கு விரித்து விற்றவர். இப்போது மகனும் கூட நிற்கிறார். நான் 2012 தொடக்கம் இங்கே வாங்குகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் இந்தக் கடையில் என்ன பார்க்கிறேன் என்பது விளங்காது. 2003 தொடக்கம் 2010 முடியும் வரை கட்டுநாயக்கவில் ஒரு கார்மென்ட்ஸில் வேலை செய்தேன். முதல் மூன்று வருடம் துணி விளிம்பு பிரியாமல் தைக்கும் ஓவர்லொக் மெசின், பிறகு லைன் முடிவில் கியூசி, அதாவது தைத்ததைத் தரம் பார்த்து அனுப்பும் வேலை. இப்போது உப்புவெளியில் வீட்டிலிருந்தே தைக்கிறேன், வாங்கிய உடுப்புகளை அளவுக்குச் சிறுப்பித்தும் கொடுக்கிறேன். எந்த உடுப்பைக் கையில் எடுத்தாலும் முதலில் உட்பக்கத்தைத்தான் புரட்டுவேன். இடது பக்கத் தையலில், கீழ் விளிம்புக்குக் கொஞ்சம் மேலே, ஒரு வெள்ளைத் துண்டு தைத்திருக்கும். என்ன துணி, எப்படித் துவைப்பது, எந்த நாட்டில் தைத்தது, எல்லாம் அதில் இருக்கும். கழுத்து லேபலில் இருப்பது விற்கிறவனின் பெயர். தைத்தவளின் நாடு பெரும்பாலும் பக்கத் தையலில்தான் இருக்கும்.

ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கை விற்கும்போது கழுத்து லேபலை வெட்டிவிடுவது வழக்கம், பிராண்டுக்காரர்கள் அப்படிக் கேட்பார்கள். அதில் தப்பில்லை. ஆனால் பக்க லேபலையும் சேர்த்து வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இதே ஊரில் வேறொரு கடையில் லண்டன் சேட் என்று சொல்லி எனக்கு ஒன்றைக் கொடுத்தார்கள். கழுத்தில் புது லேபல் ஒன்று கையால் தைத்திருந்தது. பக்க லேபலைக் கத்தரித்தபோது ஓவர்லொக் நூலிலும் கத்தரி பட்டிருக்கிறது. முதல் தடவை துவைத்தவுடன் அக்குள் வரை விட்டுப்போனது. கொண்டுபோய்க் காட்டினேன். எக்ஸ்போட் சாமான் அப்படித்தான் என்றார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் காசுக்காக வந்ததல்ல. ஏழு வருடம் அந்தத் தையலைத்தான் நான் பார்த்துப் பார்த்து அனுப்பினேன்.

நானா பக்க லேபலில் கை வைக்கவிடமாட்டார். அதோடு, வேறெங்கும் நான் காணாத ஒரு வேலையும் செய்கிறார். உடுப்புகளை நாடு நாடாகப் பிரித்து மேசைகளில் போடுகிறார். முதல் அறையில் சீனா மேசை, பங்களாதேஷ் மேசை. நடு அறையில் வியட்நாம், இந்தியா, கலப்பு. கடைசி அறையில் இலங்கை மேசையும், சுவரோடு ஐரோப்பா ஹாங்கர் கம்பியும். ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

“சைஸ்தான் தங்கச்சி. எல்லாத்தையும் ஒண்டாப் போட்டா எம் எண்டு எடுத்த சேட் ஒருத்தருக்குத் தொங்குது, இன்னொருத்தருக்கு இறுகுது. அதோட ஆக்கள் இப்ப நாட்டுப் பேர் சொல்லித்தான் கேக்காங்க.”

அப்படித்தான் தொடங்கியிருக்கிறது. ஆனால் பதின்மூன்று வருடமாக அந்த மேசைகள் பெருத்ததையும் சுருங்கியதையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். போன வருடம் அக்காவின் மகள், கோணேசபுரி வளாகத்தில் வணிகம் படிக்கிறவள், உலக உடுப்பு ஏற்றுமதியில் எந்தப் பிராந்தியத்தின் பங்கு எப்படி மாறியது என்று ஒரு கட்டுரை எழுத வேண்டி வந்தது. உலக வர்த்தக அமைப்பின் அட்டவணைகளைப் போனில் இறக்கி வைத்துக்கொண்டு, ஒன்றும் தலைக்குள் போகவில்லை சித்தி என்று வந்தாள். நேரே இங்கே கூட்டிக்கொண்டு வந்தேன். அன்று பின்னேரம் மூன்று மணித்தியாலம் நின்றோம். நானா இரண்டு தரம் பிளேன்ரீ எடுப்பித்தார்.

கடைசி அறையிலிருந்துதான் தொடங்கினோம், பழைய சரக்கு அங்கேதான் இருக்கிறது. நானாவிடம் மூன்று வகை வரும். இலங்கைக் கார்மென்ட்ஸில் மிஞ்சியதும் ரிஜெக்ட் ஆனதும் ஒன்று. கொழும்பு புறக்கோட்டையில் எடுக்கும் புதுச் சரக்கு இன்னொன்று. மூன்றாவது, வெளிநாட்டில் ஆட்கள் உடுத்துவிட்டுக் கொடுத்தவை, பேல் கட்டாக வரும். அந்தப் பேலுக்குள்ளேதான் பழைய காலம் கிடக்கிறது. அன்று ஒரு கம்பளிக் கோட் அகப்பட்டது. ஹொங்கொங் என்று லேபல். பொத்தான் துளை ஒவ்வொன்றும் நூல் பிரியாமல் அப்படியே இருந்தது. பெறாமகள் அட்டவணையைப் பார்த்தாள். 1980ல் உலக உடுப்பு ஏற்றுமதியில் ஹொங்கொங் மட்டும் நூற்றுக்கு 12 அளவில். தென்கொரியா 7. தாய்வானையும் சேர்த்தால் இந்த மூன்று இடமும் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. இத்தாலி தனியாகவே 11. சீனா வெறும் 4.

“சீனா நாலா?” என்று இரண்டு தரம் கேட்டாள். முன் அறை மேசையைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்கு அது நம்பமுடியாத விடயம்தான்.

அந்தக் கோட்டைப் பற்றி அவளுக்கு இன்னொன்றும் சொன்னேன். லேபலில் இருக்கும் நாட்டின் பெயரை எழுதுவதற்கும் சட்டம் இருக்கிறது, அந்தச் சட்டமும் மாறியிருக்கிறது. அமெரிக்காவுக்குப் போகும் உடுப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு 1996 ஜூலை தொடக்கம், தைத்துச் சேர்த்த இடம்தான் பிறந்த நாடு. அதற்கு முன் பல வகைகளுக்கு வெட்டிய இடம் போதும் என்று இருந்தது. ஹொங்கொங்கில் துணியை வெட்டி, எல்லைக்கு அப்பால் சீனாவில் தைத்து, ஹொங்கொங் என்றே லேபல் போட்டு அனுப்பினார்கள். கோட்டாவுக்காகத்தான் அந்த வேலை.

கோட்டா என்ற சொல்லைக் கார்மென்ட்ஸில் வேலை செய்த என் வயதுக்காரி யாரும் மறக்கமாட்டாள். 1974ல் பல்லிழை ஒப்பந்தம் வந்தது. பணக்கார நாடுகள் தங்கள் தொழிற்சாலைகளைக் காப்பாற்ற, எந்த நாட்டிலிருந்து எத்தனை டசின் சேட், எத்தனை டசின் களிசான் வரலாம் என்று எல்லை போட்டன. ஹொங்கொங்காரர் தங்கள் அளவை நிரப்பியவுடன், அளவு நிரம்பாத நாடு எங்கே என்று தேடினார்கள். இலங்கை 1977ல் பொருளாதாரத்தைத் திறந்து, 1978ல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் போட்டது. அவர்கள் வந்தார்கள். 1980களின் பிற்பகுதியில் தேயிலையைத் தள்ளிவிட்டு உடுப்பு எங்கள் முதல் ஏற்றுமதியானது. 1992ல் பிரேமதாச அரசாங்கம் 200 கார்மென்ட் திட்டத்தைக் கொண்டுவந்து கிராமங்களுக்குள்ளும் தொழிற்சாலை போட்டபோது, அங்கே வந்தவர்களுக்குக் கோட்டாவில் கூடப் பங்கு கொடுத்தார்கள். எங்கள் நாட்டுக்கு உடுப்புத் தொழில் வந்ததற்குக் காரணம் எங்கள் கைத்திறன் என்று யாரும் சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். வந்தது கோட்டாவால். நிலைத்தது கைத்திறனால்.

சரி, முன் அறைக்கு வருவோம்.

சீனா மேசை இப்போதும் கடையிலேயே பெரியது. ஜீன்ஸ், பிள்ளைகளின் கவுண், ஜக்கெட், சொக்ஸ், தொப்பி என்று அங்கே இல்லாதது இல்லை. ஜீன்ஸ் 2,400 ரூபாயிலிருந்து, பிள்ளைகளின் கவுண் 1,300. தரம் ஒரே மாதிரி இராது, அதைச் சொல்லியே ஆகவேண்டும். ஒரே குவியலில் உள்காலின் தையல் இரட்டை மடிப்பாகப் போட்ட ஜீன்ஸும் இருக்கும், ஒற்றை ஓவர்லொக்கில் முடித்ததும் இருக்கும். சிப்பை ஐந்து தரம் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். நான் ஒருமுறை பார்க்காமல் எடுத்து, மூன்றாம் நாள் சிப் பல் விட்டுவிட்டது. நானா மாற்றித் தந்தார்.

2012, 2013ல் இந்த மேசை இரண்டு மேசையாக இருந்தது. கதவடி வரை நீண்டு, உள்ளே போகச் சரிந்து நடக்க வேண்டும். பெறாமகளின் அட்டவணையும் அதையே சொல்கிறது. சீனாவின் பங்கு 1990ல் 9, 2000ல் 18, 2010ல் 37, பிறகு 39 வரை ஏறி நின்று, 2023ல் 32 அளவுக்கு இறங்கியிருக்கிறது. 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது ஒரு காரணம். மற்றது 2005 ஜனவரி 1. அன்றைக்குத்தான் கோட்டா முழுவதும் முடிந்தது.

அந்தத் திகதியை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26ல் கடல் வந்தது. உப்புவெளியில் எங்கள் வீட்டின் முன்பாதி போனது, ஆட்கள் எல்லோரும் தப்பினார்கள். லீவு எடுத்துக்கொண்டு வந்தவள், ஜனவரி முதல் கிழமை முடிய ஈரம் காயாத பையோடு திரும்பிப் போனேன். மனேஜர் எல்லா லைனையும் நிறுத்திக் கூட்டம் வைத்தார். கோட்டா முடிந்துவிட்டது, இனிமேல் சீனாவோடு நேருக்கு நேர், யார் வேகமாகத் தைக்கிறார்களோ அவர்களுக்குத்தான் ஓடர் என்றார். மணித்தியாலத்துக்கு 60 பீஸ் என்றிருந்த டாகட்டை, அதாவது இலக்கை, 75 ஆக்கினார்கள். சம்பளம் அப்படியே இருந்தது. வீட்டைக் கட்டக் காசு வேண்டும், நானும் 75 தைத்தேன்.

அந்த வருடம் இலங்கை எதிர்பார்த்த அளவுக்கு விழவில்லை. சீனச் சரக்கு வெள்ளமாக வந்ததைக் கண்டு அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2005லேயே சில வகைகளுக்கு மறுபடி எல்லை போட்டன. ஐரோப்பிய எல்லை 2007 வரையும் அமெரிக்க எல்லை 2008 வரையும் இருந்தது. 2005 ஜூலையில் எங்களுக்கு ஐரோப்பாவின் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையும் கிடைத்தது. அந்த இரண்டும் எங்களுக்கு மூச்சு விட நேரம் தந்தன.

அதற்குப் பக்கத்தில் பங்களாதேஷ் மேசை. நான் முதலில் வந்த காலத்தில் இது ஒரு பெட்டி, மேசையே இல்லை. இப்போது சீனா மேசையின் முக்கால்வாசி நீளம். ரீசேட் 850, ஆண்களின் காற்சட்டை 1,600, பின்னல் சுவெற்றர் 1,900. ரீசேட்டுக்கு என்னைக் கேட்டால் இந்த மேசைக்குத்தான் அனுப்புவேன். தோள் தையலில் நாடா வைத்துத் தைத்திருக்கிறார்கள், கழுத்து ரிப் துவைத்தாலும் அலை அடிப்பதில்லை. வெள்ளை நிறத்தை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், எண்ணெய்க் கறை ஒன்றிரண்டு இருக்கும்.

பங்களாதேஷின் கதை எனக்குப் பிடித்த கதை, சொல்லும்போது நெஞ்சு கனக்கும் கதையும்கூட. 1970களின் கடைசியில் அந்த நாட்டின் தேஷ் கார்மென்ட்ஸ், தென்கொரியாவின் தேவூ கொம்பனியோடு ஒரு உடன்படிக்கை செய்தது. கொரியாவுக்குக் கோட்டா இறுகியிருந்தது, பங்களாதேஷுக்கு எல்லை இல்லை. 130 பேரைக் கொரியாவுக்கு அனுப்பித் தையலும் தொழிற்சாலை நடத்துவதும் பழக்கினார்கள். திரும்பி வந்தவர்களில் பலர் பிறகு தாங்களே தொழிற்சாலை தொடங்கினார்கள். 1990ல் உலக ஏற்றுமதியில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லாத நாடு, 2000ல் இரண்டரை அளவு, இப்போது 6க்கும் 8க்கும் இடையில். தனி நாடாகப் பார்த்தால் சீனாவுக்கு அடுத்தது அவர்கள்தான். 2020ல் மட்டும் வியட்நாம் ஒரு படி முந்தியது, அடுத்த வருடமே பங்களாதேஷ் திரும்பிப் பிடித்தது.

பெறாமகள் இதை எழுதிக்கொண்டிருந்தபோது, ராணா பிளாசாவையும் எழுது என்றேன். 2013 ஏப்ரல் 24. எட்டு மாடிக் கட்டடம். முதல் நாள் சுவர் வெடித்ததைப் பார்த்த பிறகும் ஆட்களை உள்ளே அனுப்பினார்கள். 1,134 பேர் செத்தார்கள். பங்கு ஏறிய அந்தக் கதைக்குள் அந்த நாளும் இருக்கிறது. அது நடந்த கிழமை நான் இந்த மேசையிலிருந்து ஒன்றும் எடுக்கவில்லை. பிறகு யோசித்தேன், நான் எடுக்காமல் விட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கப்போகிறது என்று. இப்போது எடுக்கிறேன். அங்கே பிறகு கட்டடங்களைச் சோதித்து, தீக்கதவு போட்டு, நிறையத் திருத்தியிருக்கிறார்கள்.

நடு அறையில் வியட்நாம் மேசை சின்னது, ஆனால் வியட்நாம் விளையாட்டு ஜக்கெட் இந்தக் கடையிலேயே மிகச் சுத்தமான வேலை. சூடு வைத்து ஒட்டிய தையல், உள்ளே ஒரு நூல் நீட்டிக்கொண்டிராது. 3,500 வரை போகும். 2000ல் அவர்களின் பங்கு நூற்றுக்கு ஒன்றை எட்டவில்லை, இப்போது 6 அளவு. அமெரிக்காவோடு 2001ல் நடைமுறைக்கு வந்த வர்த்தக உடன்படிக்கையும், 2007ல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததும் அவர்களைத் தூக்கிவிட்டன. இந்த இடத்தில் பெறாமகளிடம் துணியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். சீனாவின் உடுப்புப் பங்கு இறங்கியது என்று எழுதிவிட்டு நிறுத்தினால் பாதி உண்மைதான். 2000ல் உலகத் துணி, நூல் ஏற்றுமதியில் சீனா 10, 2020ல் 40க்கு மேல். வியட்நாமிலும் பங்களாதேஷிலும் வெளியிலிருந்து எடுத்துத் தைக்கிற துணியில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. லேபலில் அது இருக்காது.

இந்தியா மேசையில் பருத்தி நைட்டி, பிள்ளைகளின் உள்ளுடுப்பு, திருப்பூர் பெனியன். பங்கு இருபது வருடமாக 3ஐச் சுற்றியே நிற்கிறது. கலப்பு மேசையில் ஜோர்தான், லெசோத்தோ, கென்யா, மெக்சிக்கோ எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. மெக்சிக்கோ 1994ல் அமெரிக்காவோடு சுதந்திர வர்த்தகம் செய்து 2000ல் 4 வரை ஏறியது, கோட்டா முடிந்தபின் சரிந்தது. ஆபிரிக்க நாடுகளுக்கு அமெரிக்கா 2000ல் வரிச்சலுகைச் சட்டம் போட்டது. எத்தியோப்பியாவை 2022 ஜனவரியில் அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். சலுகையை நம்பி அங்கே போன தொழிற்சாலைகளில் இலங்கைக்காரருடையதும் உண்டு. ஜோர்தான் லேபலைக் கண்டால் எனக்கு எப்போதும் என் லைனில் பக்கத்து மெசினில் இருந்தவள் ஞாபகம் வரும். 2008ல் ஜோர்தானுக்குப் போனாள், அங்கேயும் ஓவர்லொக்தான். அங்கே தைக்கிறவர்களில் பலர் எங்கள் நாட்டவரும் பங்களாதேஷ்காரரும். அந்த உடுப்பில் ஜோர்தான் என்று இருக்கும், கை மட்டும் குருநாகல்காரியின் கை.

ஐரோப்பாக் கம்பியில் தொங்குவது பெரும்பாலும் பேலில் வந்த பழசு. இத்தாலி, போர்த்துக்கல், ருமேனியா, துருக்கி. துருக்கியின் லினன் சேட் கிடைத்தால் விடாதீர்கள். இந்தக் கம்பியைப் பார்த்து பெறாமகள் குழம்பிவிட்டாள். ஐரோப்பாவில் இப்போது யார் தைக்கிறார்கள், ஆனால் அட்டவணையில் ஐரோப்பிய ஒன்றியம் 2000லும் நாலில் ஒரு பங்குக்கு மேல், இன்றைக்கும் நாலில் ஒரு பங்குக்கு மேல் என்று இருக்கிறதே என்றாள். நல்ல கேள்வி. அதில் பெரும்பங்கு ஒன்றிய நாடுகள் ஒன்றுக்கொன்று அனுப்புவது. வெளியிலிருந்து வந்த உடுப்பு ஒரு நாட்டுக் களஞ்சியத்தில் இறங்கி, இன்னொரு நாட்டுக்குப் போகும்போது அதுவும் ஏற்றுமதியாக எழுதப்படும். இத்தாலியின் விலை உயர்ந்த கோட்டும் அதில் உண்டு, கிழக்கு ஐரோப்பாவில் தைத்ததும் உண்டு. ஐரோப்பாவில் நாட்டின் பெயரை லேபலில் போடுவது கட்டாயமில்லை, துணிக் கலவை மட்டும்தான் கட்டாயம். அதனால் சிலதில் எவ்வளவு தேடினாலும் நாடு கிடைக்காது. நானா அவற்றைக் கலப்பு மேசைக்கு அனுப்பிவிடுவார்.

இனி இலங்கை மேசை. எனக்கும் நானாவுக்கும் சண்டை வந்த இடம் இதுதான்.

முன்பெல்லாம் இந்த மேசை கடைசி அறையின் மூலையில், ஃபேன் காற்றும் வராத இடத்தில் இருந்தது. விலையும் ஆகக் குறைவு. பிரா 450, விளையாட்டுக் காற்சட்டை 700. ஒருநாள் ஒரு பெண் அந்தக் காற்சட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, இது நம்மட நாட்டுச் சாமான், வெளிநாடு இல்லையா என்று கேட்டு வைத்துவிட்டுப் போனார். நான் நானாவிடம் போனேன். நீங்கள் இதை ஏன் மூலையில் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“ஆக்கள் கேக்கிறதில்ல தங்கச்சி. நம்மட நாடு எண்டா ரிஜெக்ட் எண்டு நினைக்காங்க.”

ஒரு பிராவை எடுத்து அவர் முன்னாலேயே உட்பக்கம் புரட்டினேன். ஒரு சாதாரண பிராவில் இருபது துண்டுக்கு மேல் இருக்கும். கப், வயர் நாடா, பக்கச் சிறகு, கொக்கி, எல்லாம் வளைவுத் தையல். ஒரு நூலளவு தள்ளினால் உடுத்துகிறவளுக்குக் குத்தும். உலகச் சந்தையில் இலங்கையின் பங்கு 2000ல் நூற்றுக்கு 1.4, இப்போது 1ஐச் சுற்றி. சதவீதத்தில் இறங்கியிருக்கிறோம். ஆனால் உலகத்தின் மொத்த உடுப்பு ஏற்றுமதி 2000ல் 200 பில்லியன் டொலர் அளவில் இருந்து, 2022ல் 550 பில்லியனைத் தாண்டிவிட்டது. அந்தப் பெரிய மொத்தத்தில் ஒன்று என்பது, அந்தச் சின்ன மொத்தத்தில் 1.4ஐ விட இரண்டு மடங்கு. மலிவு ரீசேட்டில் பங்களாதேஷோடு போட்டி போட எங்களால் முடியாது, துணியையும் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் எடுக்கிறோம். அதனால்தான் பிரா, நீச்சல் உடை, விளையாட்டு உடுப்பு என்று கஷ்டமான தையலுக்குப் போனோம். ரிஜெக்ட் மேசையிலும் அந்த வேலை தெரியும். நான் தள்ளி வைத்த பீஸில் பாதியில், உடுத்துகிறவர் கண்ணுக்குப் பிழையே தெரியாது.

நானா ஒன்றும் பேசவில்லை. அடுத்த கிழமை போனபோது இலங்கை மேசை கடைசி அறையின் நடுவில், ஃபேனுக்குக் கீழே இருந்தது. பிரா 650 ஆகியிருந்தது. பக்கத்தில் நின்ற மகன், நீங்கள்தான் விலையைக் கூட்டிவிட்டது அக்கா என்றார். ஓம், நான்தான்.

2010 ஆகஸ்டில் ஜீ.எஸ்.பி. பிளஸ் போனபோது எங்கள் தொழிற்சாலையில் இரண்டு லைன் மூடினார்கள், டிசம்பரில் நானும் விலகி வந்தேன். 2017 மே மாதம் அது திரும்பக் கிடைத்தது. அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மிகவும் பின்தங்கிய நாடு என்ற பட்டியலில் இருப்பதால், பங்களாதேஷ் எந்த நாட்டுத் துணியில் தைத்தாலும் 2011 தொடக்கம் ஐரோப்பாவுக்குள் வரியில்லாமல் போகலாம். எங்களுக்குத் துணியின் பிறப்பிடத்தையும் பார்ப்பார்கள், அதனால் சலுகை இருந்தும் பெரிய பகுதிக்கு எடுக்க முடிவதில்லை. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைக்கு 44 வீத வரி என்று அறிவித்தபோது கட்டுநாயக்கவில் இருக்கும் என் பழைய சிநேகிதிகள் இரவு இரவாகப் போன் எடுத்தார்கள். ஆகஸ்டில் அது 20 ஆகக் குறைந்தது, பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் அதே அளவு. அன்றைக்குத்தான் அவர்கள் நித்திரை கொண்டார்கள்.

கடையில் குறைகளும் உண்டு. உடுத்திப் பார்க்க அறை இல்லை, ஒரு மூலையில் திரைதான், கண்ணாடி கைப்பிடி அளவு. பெண்களுக்கு அது போதாது, நானாவிடமும் சொல்லியிருக்கிறேன். உள் அறைகளில் மஞ்சள் பல்ப், அதில் கறுப்பும் கடும்நீலமும் ஒன்றாகத் தெரியும். நிறம் பார்க்க வேண்டுமென்றால் வாசலுக்குக் கொண்டுவந்துதான் பார்க்க வேண்டும், தடுக்கமாட்டார்கள். தீபாவளிக்கும் பெருநாளுக்கும் முந்தின கிழமைகளில் போகாதீர்கள், மேசைகள் எல்லாம் கலைந்து நாடு தெரியாமல் போய்விடும். பில் தருவதில்லை, ஆனால் மூன்று நாளுக்குள் கொண்டுபோனால் முகத்தை ஞாபகம் வைத்து மாற்றித் தருகிறார்கள். காசு திருப்பித் தரமாட்டார்கள். காட் எடுப்பதில்லை.

கொழும்புச் சரக்கு திங்கள் இரவு லொறியில் வருகிறது. செவ்வாய் காலை ஒன்பதரைக்கு முன் போனால் நானாவும் மகனும் நிலத்தில் உட்கார்ந்து பக்க லேபல் பார்த்துப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். நானும் பல செவ்வாய்க்கிழமைகளில் அவர்களோடு உட்கார்ந்து பிரிப்பதுண்டு, எனக்கு எடுக்க வேண்டியதை அப்போதே ஒதுக்கிவிடலாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆத் தொழுகைக்கு மூடி இரண்டு மணிக்குத் திறப்பார்கள். ஞாயிறு அரைநாள்.

போன செவ்வாய் நான் எடுத்தது: பங்களாதேஷ் ரீசேட் மூன்று, இலங்கை விளையாட்டுக் காற்சட்டை இரண்டு, மகளுக்கு வியட்நாம் ஜக்கெட் ஒன்று. மொத்தம் 7,600 ரூபாய். ஒரு காற்சட்டையின் இடுப்புப் பட்டியில் ஒரு இடம் நூல் தவறியிருந்தது, அரை அங்குலம். வீட்டுக்கு வந்து ஐந்து நிமிடத்தில் தைத்துவிட்டேன்.